இமை இல்லாத மீன்களுக்கு ஒரு விளக்கு

இந்தக் கதையில் எனக்குப் பல வருஷமாகச் சந்தேகம் உண்டு. சந்தேகப்படுகிறவன் வெளியாள் என்றால் பரவாயில்லை. கதை நடந்த வீடு என்னுடையது. நடந்தபோது நான் அங்கேதான் இருந்தேன். கண்ணால் பார்த்தேன், கையால் செய்தேன், வாயால் ஊரெல்லாம் சொன்னேன். இருந்தும் தனியாக உட்காரும்போது, 'இது இப்படித்தான் நடந்ததா?' என்று உள்ளே ஒரு குரல் கேட்கும். ஐம்பதைத் தாண்டினால் சிலருக்குச் சர்க்கரை வரும், சிலருக்கு மூட்டுவலி வரும். எனக்கு யோசனை வந்தது.

கதையின் சாரம் இது: மீனுக்கு வெளிச்சம் ஆகாது. தலைக்கு மேலே விளக்கு எரிந்தால் அது சாப்பிடாது. இதை நானே பரிசோதனை செய்து கண்டுபிடித்தேன். பரிசோதனை எனக்குப் புதிதல்ல. குழாய்த் தொழிற்சாலையில் பரிசோதனைப் பிரிவில்தான் வேலை. குழாய் ஒழுகவில்லை என்று நான் முத்திரை குத்தினால்தான் அது வெளியே போகும். எங்கள் வீட்டு அடுப்படிக் குழாய் ஒழுகுவது வேறு விஷயம். அதில் என் முத்திரை இல்லை.

வீட்டில் டியூப்லைட்டுகளையெல்லாம் கழற்றிவிட்டு எல்.இ.டி. பல்பு மாட்டிய சமயம் அது. கரண்ட் மிச்சமாகும் என்று நான் எடுத்த முடிவு. மனைவிக்கு அதில் ஒரு குறை. அவள் வீட்டிலேயே துணி தைக்கிறவள். தையல் மெஷின் கூடத்து மூலையில் இருந்தது. புது பல்பு அவள் முதுகுக்குப் பின்னால் எரிந்தது.

"என்னங்க, மெஷினுக்கு மேல ஒரு லைட் போட்டுத் தாங்க. என் நிழல் என் துணி மேலயே விழுது."

"பார்க்கலாம்."

"கறுப்புத் துணி, கறுப்பு நூல். தையல் எங்க போகுதுன்னு தடவிப் பார்த்துத்தான் தைக்கிறேன்."

"அதான் பார்க்கலாம்னு சொன்னேனே."

"நீங்க பார்க்கலாம். எனக்குத்தான் பார்க்க முடியலே."

அவள் கேட்டது ஒரு விளக்கு. அதைச் செய்துகொடுத்திருந்தால் இந்தக் கதையே இல்லை. ஆனால் மனைவி கேட்டுச் செய்கிற வேலையில் ஆணுக்கு என்ன புகழ்? கேட்டதைச் செய்தான் என்பார்கள். கேட்காததைச் செய்தால்தானே கலைஞன்.

கழற்றிய டியூப்லைட் சாமான்களெல்லாம் வாசல் பக்கம் குவிந்து கிடந்தன. பழைய இரும்புக்காரரை வரச் சொல்லியிருந்தாள். அவர் வருவதற்குள் நான் குவியலில் இறங்கி சோக்குகளைப் பிரித்தெடுத்தேன். சோக் தெரியும்தானே? டியூப்லைட் பட்டிக்குள் ஒளிந்திருக்கும் இரும்புக்கட்டி. பார்க்கச் சோப்பு மாதிரி, தூக்கினால் செங்கல் மாதிரி. டியூபுக்குள் பாய்கிற மின்சாரத்தைப் பிடித்து, இவ்வளவுதான் உனக்கு என்று அடக்கி வைப்பது அதுதான். அது இல்லாவிட்டால் டியூப் தலைகால் தெரியாமல் எரிந்து கருகிப்போகும். குடும்பத்திலும் இதே வேலையை ஒருவர் செய்துகொண்டிருக்கிறார் என்பது எனக்கு அப்போது தோன்றவில்லை.

"இதெல்லாம் எடைக்குப் போடக் கூடாது," என்றேன்.

"ஏன்?"

"உயிர் இருக்கு."

"எதுல?"

"சோக்குல."

"இந்த வீட்டுல அதுக்காவது இருக்கே."

நான் அசையவில்லை. இனி இந்த வீட்டில் உயிருள்ள எந்தப் பொருளும் வெளியே போகாது என்று அந்த இடத்திலேயே சபதம் எடுத்தேன். அடுத்து, சபதத்துக்கு ஒரு வேலை தேட வேண்டியிருந்தது. கூடத்தில் மகள் விட்டுப்போன மீன் தொட்டி இருந்தது. அவள் வெளியூருக்கு வேலைக்குப் போனதிலிருந்து ஆரஞ்சு நிற மீன்கள் ஐந்தாறு அதற்குள் மங்கலாக நீந்திக்கொண்டிருந்தன. மீன் இருப்பது தெரிய வேண்டுமென்றால் கண்ணாடியில் மூக்கை ஒட்ட வேண்டும். முடிவு செய்துவிட்டேன்.

"மீன் தொட்டிக்கு லைட் செய்யப்போறேன்."

மனைவி ஊசியை நிறுத்தினாள். "மீன் கேட்டுச்சா?"

"கேக்கலே."

"கேக்காததுதான் தப்பிச்சுது. கேட்டிருந்தா பார்க்கலாம்னு சொல்லியிருப்பீங்க."

ஞாயிற்றுக்கிழமை வேலையைத் தொடங்கினேன். பழைய பலகையில் தொட்டிக்கு ஒரு மூடி. மூடியின் உள்பக்கம் அலுமினியத் தாள், வெளிச்சம் சிதறாமல் கீழே விழ. பெரிய டியூபுக்கான சோக் ஒன்றை வைத்துக்கொண்டு சின்ன டியூப் இரண்டை வரிசையாக எரியவைக்கலாம் என்பது சிலருக்கே தெரிந்த விஷயம். எனக்கு அது தெரியும் என்பது என் வீட்டில் யாருக்கும் தெரியாத விஷயம்.

மனைவி இடையிடையே வந்து பார்த்தாள்.

"எனக்கு ஒண்ணுதாங்க பயம். தண்ணி, கரண்ட், நீங்க. மூணும் ஒரே இடத்துல வேணாம்."

"சோக்கைத் தொட்டி மேல வைக்க மாட்டேன்மா. தனிப் பெட்டி. தள்ளி, செவுத்துல."

"சோக்கைச் சொல்லலே. நீங்க தள்ளி நில்லுங்க."

சுவிட்சைப் போட்டபோது பெட்டிக்குள்ளிருந்து 'ங்ங்ங்' என்று ஒரு முனகல் எழுந்தது. படியிறங்கிக்கொண்டிருந்த மாடி வீட்டுக்காரர் நின்று எட்டிப் பார்த்தார். பஸ் டிரைவராக இருந்து ஓய்வு பெற்றவர். எந்தச் சத்தம் கேட்டாலும் காரணம் கண்டுபிடிக்காமல் நகர மாட்டார்.

"என்ன சார், வண்டு ஏதாவது வளர்க்குறீங்களா?"

"சோக் சார். மீன் தொட்டிக்கு லைட்."

"கடையில கிடைக்குமே."

"கிடைக்கும். அதுல நம்ம கை இருக்காதே."

"அதனாலதான் சார் அது ஷாக் அடிக்காது."

அவர் சொல்லி முடிப்பதற்குள் இரண்டு டியூபும் இரண்டு தடவை கண் சிமிட்டிவிட்டுப் பளிச்சென்று எரிந்தன. எனக்கே நம்ப முடியவில்லை. நான் செய்து, முதல் தடவையிலேயே வேலை செய்த பொருள் என் வாழ்க்கையில் அது ஒன்றுதான். தண்ணீருக்குள் தங்கக் காசுகளை வாரி இறைத்த மாதிரி மீன்கள் மின்னின. கூடத்தின் பாதி வெள்ளை வெளேரென்று ஆனது. மாடி வீட்டுக்காரர் ஒன்றும் பேசாமல் இறங்கிப் போனார். அது அவர் கொடுக்கக்கூடிய அதிகபட்சப் பாராட்டு.

மனைவி வந்தாள். தொட்டிக்கு முன்னால் வெகுநேரம் நின்றாள். என் கைவேலையைக் கண்குளிரப் பார்த்துக்கொண்டு நிற்கிறாள் என்று எண்ணி நான் பெருமையோடு ஓரமாக நின்றேன். அவள் ஊசியை அந்த வெளிச்சத்தில் உயர்த்தி, ஒரே முயற்சியில் நூலைக் கோத்தாள்.

"நல்லா இருக்குங்க," என்றாள். "ரொம்ப நல்லா இருக்கு."

இருபத்தைந்து வருஷத்துக்கு மேலான தாம்பத்தியத்தில் 'ரொம்ப' என்ற சொல் எனக்குக் கிடைத்தது அன்றைக்குத்தான். அதை நான் வேலைக்கு எடுத்துக்கொண்டு போய் எல்லோரிடமும் காட்டினேன்.

மறுநாள் மாலை திரும்பி வந்து, விளக்கைப் போட்டு, வழக்கம்போல மீன்களுக்கு உணவு தூவினேன். மற்ற நாட்களில் தூவிவிட்டுப் போய்விடுவேன்; அன்றைக்குத்தான் நின்று பார்த்தேன். மீன்கள் சாப்பிட வரவில்லை. அடியில், கூழாங்கல்லுக்குப் பக்கத்தில், ஏதோ கூட்டம் போட்டுப் பேசுகிற மாதிரி நின்றன. ஒன்று மட்டும் மேலே வந்து முகர்ந்துவிட்டுத் திரும்பிப் போனது.

"என்ன ஆச்சு இதுகளுக்கு?"

மனைவி மெஷினிலிருந்து தலையைத் தூக்காமல் சொன்னாள். "வெளிச்சம் கண்ணைக் கூசுதோ என்னவோ."

"மீனுக்கா?"

"மனுஷன்னா கண்ணை மூடிக்குவான். மீனுக்குத்தான் இமையே கிடையாதே. அது எங்க மூடும்?"

அன்று எனக்குச் சாப்பாடு இறங்கவில்லை. இமை இல்லாத ஒரு ஜீவனின் தலைக்கு மேலே விளக்கை எரியவிட்டு, அதன் எதிரிலேயே நின்று என்னை நானே மெச்சிக்கொண்டேனே. நான் எப்படிப்பட்ட ஆள்? கண்ணை மூட முடியாமல், எழுந்து போகவும் முடியாமல், என் கலைத்திறனைப் பார்த்துக்கொண்டே இருப்பது எவ்வளவு பெரிய கொடுமை? என் மனைவிக்காவது அடுப்படி இருந்தது.

ஆனாலும் நான் பரிசோதனைப் பிரிவு ஆள். ஒரு நாளை வைத்து முத்திரை குத்த மாட்டேன். முறையாகச் சோதிக்க முடிவு செய்தேன். காலையில் கிளம்பும்போதே மனைவியிடம் திட்டத்தைச் சொல்லிவிடுவேன். எதையும் மறைத்துச் செய்வது என் வழக்கமில்லை.

"இன்னிக்குச் சாயங்காலம் லைட் போட மாட்டேன். இருட்டுல சாப்பாடு போட்டுப் பார்க்கப்போறேன்."

"சரிங்க."

அன்று மாலை மீன்கள் பாய்ந்து பாய்ந்து தின்றன. பஞ்சத்தில் அடிபட்டவை மாதிரி ஒன்றை ஒன்று முட்டிக்கொண்டு தின்றன. மறுநாள் காலை:

"இன்னிக்கு லைட் போட்டுப் பார்க்கப்போறேன்."

"சரிங்க."

மாலை விளக்கைப் போட்டேன். தொடவில்லை. அடுத்த நாள் விளக்கை அணைத்தேன். தின்று தீர்த்தன, தட்டைக் கழுவி வைக்காத குறைதான். மறுபடி போட்டேன், மறுபடி விரதம். இதைவிடத் தெளிவான முடிவை எங்கள் தொழிற்சாலைக் குழாய்கள்கூட எனக்குக் கொடுத்ததில்லை.

கனத்த மனதோடு மூடியைக் கழற்றினேன். டியூப் இரண்டும் சோக்கும் கையில் இருந்தன. என் ஒரே வெற்றி. அதை இரும்புக்காரரிடம் தூக்கிக் கொடுக்க மனசு வருமா?

"ஏம்மா, இதை உன் மெஷினுக்கு மேல மாட்டட்டுமா?"

கவனியுங்கள். கேட்டது நான். அவள் ஒரு வார்த்தை கேட்கவில்லை.

"உங்க இஷ்டம்," என்றாள். "எனக்கு இருட்டுல தைச்சே பழகிப்போச்சு. உங்க மனசு நோகக் கூடாதுன்னா மாட்டுங்க."

என் மனசு நோகக் கூடாதென்று மாட்டினேன். மாட்டியதும் அவள் உட்கார்ந்து, தயாராக வைத்திருந்த கறுப்புத் துணியை எடுத்துத் தைக்க ஆரம்பித்தாள்.

அதன் பிறகு நான் இந்த விஷயத்தில் ஒரு நிபுணன் ஆனேன். மீன் வளர்க்கிறவர் யார் கிடைத்தாலும் இமை விஷயத்தைச் சொல்லிவிடுவேன். என் பேச்சைக் கேட்டு எங்கள் மேனேஜர் வீட்டு மீன்கள் இன்றைக்கும் இருட்டில் இருக்கின்றன. மீன் விற்கிற கடைகளைத் தாண்டும்போதுதான் சங்கடம். அங்கே நாள் முழுக்க ஒவ்வொரு தொட்டிக்கு மேலும் விளக்கு எரிகிறது. மீன்கள் மும்முரமாகத் தின்கின்றன. கடை மீன், வேறு வழியில்லை, வியாபாரம் என்று எனக்கு நானே சமாதானம் சொல்லிக்கொண்டு வேகமாக நடப்பேன். வீட்டுக்கு வந்தால் யோசனை. மனைவியிடம் கேட்டுவிடலாம்தான். ஆனால் அவள் சொன்னது பொய் என்றால் நான் ஏமாளி. நிஜம் என்றால், கட்டியவளைச் சந்தேகப்பட்ட பாவி. இரண்டில் எது மேல் என்று முடிவு செய்வதற்குள் வருஷங்கள் ஓடிவிட்டன. அந்த மீன்கள் போய் அவற்றின் வாரிசுகள் வந்துவிட்டன.

போன வாரம் தொழிற்சாலையில் ஏதோ பழுது. மதியமே வீட்டுக்கு அனுப்பிவிட்டார்கள். கூடத்தில் உட்கார்ந்து சும்மா தொட்டியைப் பார்த்துக்கொண்டிருந்தேன். மனைவி தைத்துக்கொண்டிருந்தாள். மெஷின் கடகடவென்று ஓடியது. மீன்கள் அடியில் திரிந்தன. திடீரென்று மெஷின் நின்றது. நின்ற அதே நொடியில் எல்லா மீனும் மேலே வந்து, ஒரே மூலையில் கூடி, வாயைத் திறந்து திறந்து மூடின. மனைவி எழுந்து வந்து ஒரு சிட்டிகை உணவைத் தூவினாள். தூவிய அடையாளமே இல்லாமல் போனது.

"என்ன பண்றே?"

"பார்த்தா தெரியலே? சாப்பாடு போடுறேன்."

"தினமுமா?"

"பின்னே, மாசத்துக்கு ஒரு தடவையா? மத்தியானம் பசிக்காதா அதுங்களுக்கு?"

"சாயங்காலம் நான் போடுறேனே."

"அது உங்க ஆசைக்கு."

"எப்பேர்ந்து போடுறே?"

"இந்த வீட்டுக்கு மீன் வந்ததுலேர்ந்து."

அவள் திரும்பிப் போய் உட்கார்ந்துகொண்டாள். மெஷின் மறுபடி ஓடியது. மீன்கள் கலைந்து அடிக்குப் போயின.

நான் உட்கார்ந்தபடியே கணக்குப் போட்டேன். தினமும் மதியம் சாப்பிட்ட மீன் மாலையில் சாப்பிடாதது நியாயம். அது வெளிச்சம் அல்ல, வயிறு. சரி. ஆனால் விளக்கை அணைத்த நாட்களில் மட்டும் பஞ்சத்தில் அடிபட்டவை மாதிரி தின்றனவே, அதெப்படி? அந்த நாட்களில் மட்டும் மதியச் சாப்பாடு எங்கே போனது? எந்த நாள் எது என்று காலையிலேயே தெரிந்தவர்கள் இந்த உலகத்தில் இரண்டே பேர். ஒருவன் நான்.

இதற்கு மேல் தாங்காது. எழுந்தேன். கேள்வியை மனதுக்குள் மென்மையாக ஒரு தடவை, கண்டிப்பாக ஒரு தடவை, நீதிபதி மாதிரி ஒரு தடவை சொல்லிப் பார்த்தேன். 'லைட் போடாத நாள்ல மட்டும் நீ ஏன் மீனைப் பட்டினி போட்டே?' நீதிபதிதான் பொருத்தமாக இருந்தார். போய் மெஷினுக்கு எதிரில் நின்று தொண்டையைச் செருமினேன்.

அவள் மெஷினை நிறுத்திவிட்டு என்னை நிமிர்ந்து பார்த்தாள். பின்னால் தொட்டியில் மீன்கள் மேலே வரும் சலசலப்பு கேட்டது.

"என்னங்க? ஏதோ கேக்கணும்னு நிக்கிற மாதிரி இருக்கு. கேளுங்க."

"ஆமா. கேக்கணும்."

"கேளுங்க. நானே உங்ககிட்ட ஒண்ணு சொல்லணும்னு இருந்தேன். இந்த லைட் ரெண்டு நாளா கண் சிமிட்டுது. வேற ஆளைக் கூப்பிடலாம்னா மனசு வரலே. நீங்க உங்க கையால செஞ்சது. யாராவது தொட்டுக் கெடுத்துட்டா? இத்தனை வருஷமா எரியுதுங்க. ரொம்ப நல்ல வேலை." அண்ணாந்து அந்த டியூபுகளைப் பார்த்தாள். பிறகு என்னைப் பார்த்தாள். "சரி, நீங்க என்ன கேக்க வந்தீங்க?"

பல வருஷக் கேள்வி தொண்டை வரைக்கும் வந்து நின்றது. நிதானமாக மூச்சை இழுத்து, அவள் கண்ணை நேராகப் பார்த்துக் கேட்டேன்:

"ஏணி எங்க இருக்கு?"