மலைக்குப் பதினொரு பேர்

முட்டுக்காட்டு மணலில் கூடாரம் பறந்துபோனது. முனிசாமியின் தன்னம்பிக்கை மட்டும் இருந்த இடத்தில் இருந்தது.

மலைக்குப் போக இன்னும் இரண்டு வாரம். ஆறாயிரம் அடி உயரம், பேய்க்காற்று, மனுஷச் சத்தமே கிடையாது என்று முகாம் நோட்டீசில் போட்டிருந்தது. அந்த நோட்டீஸ் அவனுடைய டிபன் பையின் அடியில் மடிந்து கிடந்தது. கம்பெனி பஸ்ஸில் எவனோ தவறிப் போட்டிருக்க வேண்டும். படித்த நிமிஷமே முடிவு செய்துவிட்டான். கடற்கரைக் காற்றில் கூடாரம் அடித்து ஒத்திகை பார்ப்பதும் அவன் யோசனைதான்.

மறைமலைநகரில் பதினெட்டு வருஷமாக பிரஸ் மிஷின் வேலை. எட்டு மணி நேரம் தகரம் அடிபடும் சத்தம். ஊரப்பாக்கத்து வீட்டுக்கு வந்தால் மச்சான் பிரவின்குமாரின் ஸ்பீக்கர், பக்கத்து போர்ஷனில் அக்கா சரோஜாவின் சீரியல், மேல் வீட்டில் கருப்பன் பெண்டாட்டி மாவு ஆட்டி விற்கும் நாலு கிரைண்டர். கம்பெனி மூடும் இரண்டு நாளாவது காது சும்மா இருக்கட்டும் என்று ஒற்றை ஆளாகக் கிளம்பத் திட்டம். மனைவி கன்னியம்மா நாள் பூராவும் வீட்டில்தான் இருக்கிறாள். அவளுக்குச் சத்தம் பழகியிருக்கும் என்பது அவன் கணிப்பு.

தண்ணீரில் விழுந்த கூடாரத்தைப் படகுக்காரர் ஒருவர் கம்பால் இழுத்துக் கொடுத்தார். சொட்டச் சொட்ட வீட்டுக்குக் கொண்டுவந்தான்.

"ஒத்த ஆளு நாலு மூலைய எப்டிய்யா புடிப்ப?" என்றாள் கன்னியம்மா. "என் தம்பிய இட்டுகினு போ."

"அவன் வாய மூட மாட்டானே."

"அந்தக் காத்துல வாயத் தொறந்தா மண்ணு பூரும். தானா மூடிக்குவான்."

நியாயமாகப் பட்டது. முகாமுக்கு போன் போட்டான். மேனேஜர் கிரிஷ் எடுத்தான்.

"தம்பி, ஒரு ஆளு இல்ல, ரெண்டு பேரு."

"பிரச்சினையே இல்ல சார்."

அடுத்த ஞாயிறு ஒத்திகையில் பிரவின்குமார் ஒரு கையால் மூலையைப் பிடித்துக்கொண்டு மறு கையால் வீடியோ எடுத்தான். காற்று வந்ததும் எதை விடலாம் என்று யோசித்து, கூடாரத்தை விட்டான். அதன் பின்னால் முனிசாமி லுங்கியோடு ஓடும் காட்சி சாயங்காலத்துக்குள் குடும்ப குரூப்பில் ஏறிவிட்டது.

சரோஜா வந்து வாசலை அடைத்துக்கொண்டு நின்றாள்.

"டேய் முனி, கூடப் பொறந்தவ நானு. பொண்டாட்டி தம்பிக்கு மலை, எனக்கு இன்னா, மொட்ட மாடியா?"

"அக்கா, அங்க குளுரு..."

"ஸ்வெட்டர் கீது. உங்க மாமாவுக்கும் கீது. புள்ளைங்களுக்கு வாங்கிக்கலாம்."

முனிசாமி உதவி கேட்டு மனைவியைப் பார்த்தான். கன்னியம்மா முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டிருந்தாள்.

"அக்கா மனசு நோவக்கூடாதுய்யா."

சரோஜா, அவள் புருஷன், மூன்று பிள்ளைகள். "தம்பி, ஏழு பேரு," என்றான் போனில்.

"நல்லது சார்."

ஏழு பேரை பைக்கில் ஏற்ற முடியாது. மேல் வீட்டுக் கருப்பனிடம் பள்ளிக்கூட வேன் இருப்பதைக் கன்னியம்மாதான் ஞாபகப்படுத்தினாள்.

"உன்னாண்ட வாடக வாங்குவனா அண்ணாத்த?" என்றான் கருப்பன். "டீசல் ஊத்து, போதும். நானு, வூட்டுக்காரி, ரெண்டு பசங்க, ஓரமா குந்திகினு வர்றோம்."

"மாவு வியாபாரம் இன்னா ஆவறது?"

"ரெண்டு நாளு லீவு வுட்டா ஒடம்புக்கு நல்லதாம். யாரோ அவ காதுல போட்டுகீறாங்க."

பதினொன்று. இதற்கும் கிரிஷ் அசரவில்லை. பையனுக்குத் தொழில் தெரியும் என்று முனிசாமி மெச்சிக்கொண்டான்.

"நீ வர்லியா?" என்று மனைவியிடம் கேட்டான்.

"வூட்ட யாரு பாத்துக்கறது? நா இங்கயே கெடக்கறேன். என் தலையெழுத்து."

கிளம்புகிற நாள் காலை. பிரவின்குமார் வேன் கூரையில் ஸ்பீக்கரைக் கட்டினான். மலையில் சிக்னல் இருக்காதாம், அதனால் சரோஜா நாற்பது எபிசோடை போனில் இறக்கி வைத்திருந்தாள். கருப்பன் பெண்டாட்டி சின்ன கிரைண்டரைத் தூக்கி வந்தாள். மலையில் இட்லி மிருதுவாக வருமா என்று பார்க்க வேண்டுமாம். முனிசாமி கம்பெனியில் கொடுத்த காதடைப்பானைச் சட்டைப் பையில் போட்டான். ஓசையில்லாத மலைக்கு அதை எடுத்துப் போகும் முதல் ஆள் தான்தான் என்று தோன்றியது.

அங்கேயே மூளை வேலை செய்தது.

சத்தமெல்லாம் வேனில் ஏறிவிட்டது. அது மலைக்குப் போகட்டும். தான் எதற்கு அதன் பின்னால் போக வேண்டும்? வேன் தெருமுனையைத் தாண்டினால் இந்த வீட்டில் ஃபேன் ஓசைதான் மிஞ்சும். பதினெட்டு வருஷத்தில் எந்தத் தகரத்திலும் இப்படி ஒரு அடி கச்சிதமாக விழுந்ததில்லை.

யாரிடமும் சொல்லாமல் மாடிக்கு ஏறி முகாமுக்கு போன் போட்டான். கீழே கன்னியம்மா அவனுடைய பையை வேனில் மூட்டைகளுக்கு அடியில் திணித்துக்கொண்டிருந்தாள்.

"தம்பி, பத்து பேருதான் வருவாங்க. எனக்கு வவுறு சரியில்ல."

முதல் தடவையாகக் கிரிஷ் தயங்கினான்.

"சார், அது மட்டும் முடியாதுங்க. பதினொரு பேர் லிஸ்ட்ட உங்க வீட்டம்மா போன மாசமே எழுதி அனுப்பிட்டாங்க, அதுல உங்க பேருக்கு அடியில மட்டும்தான் ரெண்டு கோடு போட்டிருக்காங்க."