சிவப்பு வண்டியும் சொந்தப் புத்தியும்

வியாழக்கிழமை காலை, சமையலறை வாசலில் இடுப்பில் கைவைத்து நின்று சபதம் செய்தார் உறைக்காரர். கிணற்றுக்குள் இறக்கும் சிமெண்ட் உறைகளை வார்த்து விற்பவர் என்பதால் ஊர் வைத்த பெயர் அது.

"லோடு வண்டியை நான்தான் பார்ப்பேன். நான்தான் எடுப்பேன். நீ வாயே திறக்கக் கூடாது!"

"நான் எங்கங்க திறந்தேன்?" என்றாள் மனைவி, உதட்டில் ஊசியைக் கவ்வியபடி.

அவள் லாரிகளுக்குத் தார்ப்பாய் தைப்பவள். இஞ்ச் டேப்போடு வண்டியை ஒரு சுற்று வந்தால் போதும், எது உழைக்கும், எது பூச்சு வேலையில் நிற்கிறது என்று சொல்லிவிடுவாள். அதுதான் உறைக்காரருக்கு எரிச்சல். கல்யாணமான பதினெட்டு வருஷத்தில் அவருடைய செருப்பு, மூக்குக்கண்ணாடி, முடிவெட்டுகிறவர் எல்லாமே அவள் தேர்வு. மீசை ஒன்றுதான் அவர் சொந்தம். போன மாதம் அதையும் ஒரு மாதிரியாகப் பார்த்தாள்.

வாடகை வண்டிக்காரனைக் கெஞ்சிக் கெஞ்சி உறை அனுப்பியது போதும். சொந்தமாக ஒரு பழைய பிக்கப், அதுவும் தன் புத்தியால் வாங்கியது. இதிலும் தோற்றால் இந்த வீட்டில் தன் வார்த்தைக்கு இனி மதிப்பே கிடையாது என்று அவருக்குத் தெரிந்தே இருந்தது.

"சும்மா கூட வரட்டுமாங்க?"

"வா. ஆனா பொம்மை மாதிரி நிக்கணும்."

பழைய வண்டி வியாபாரியின் கொட்டகையில் இரண்டு பிக்கப் நின்றன. ஒன்று சிவப்பு. மூக்கில் வெள்ளிப் பட்டை, நாலு தெருவைக் கூப்பிடும் ஹாரன். உறைக்காரர் அந்த இடத்திலேயே மனதைப் பறிகொடுத்தார். அதன் கதவில் சாய்ந்து எந்தக் கோணத்தில் போட்டோ எடுத்துக்கொள்வது என்பதுவரை யோசித்து முடித்துவிட்டார். மற்றது சாம்பல் நிறம். அழுது வடிந்த முகம். பக்கக் கண்ணாடியைக் கயிற்றால் கட்டியிருந்தார்கள்.

"அண்ணாச்சி, இந்தச் சிவப்பு..." என்று ஆரம்பித்தார்.

"ஐயோ, சிவப்பு எவ்வளவு அழகா இருக்குங்க!" என்றாள் மனைவி.

உறைக்காரர் விருட்டென்று திரும்பினார்.

"வாயே திறக்கக் கூடாதுன்னு சொன்னேனே?"

"தானா வந்துடுச்சுங்க. கண்ணை மூடிக்கிட்டு இதையே எடுங்க. அந்தச் சாம்பலை எவனாவது வாங்குவானா?"

ஆசை சிவப்பு என்றது. ரோஷம் சாம்பல் என்றது. இப்போது சிவப்பை எடுத்தால் அது அவள் எடுத்த வண்டி. பேரப்பிள்ளைகள் காலம்வரை சொல்லிக் காட்டுவாள். முடியாது!

"உனக்குப் பெயிண்ட்டுதான் தெரியும்," என்று சீறினார். "சாம்பலோட ஸ்பிரிங் பட்டையைக் குனிஞ்சு பாரு. எத்தனை இருக்கு தெரியுமா?"

"எத்தனைங்க?"

அவருக்கும் தெரியாது. "நிறைய!"

"ஒன்பது இருக்குமா? சிவப்புல ஆறுதான் தெரியுது. இருந்தா என்னங்க, அழகா இருக்கே."

"ஆறா! நாலு உறை ஏத்தினா உட்கார்ந்துடும்!"

"அப்படிச் சொல்லாதீங்க. அடியில சேசிஸுக்குக்கூட ஒரே ஒரு இடத்துல புதுப் பெயிண்ட் அடிச்சு வெச்சிருக்காங்க. எவ்வளவு அக்கறை!"

"அக்கறையா? வெல்டிங்கை மறைக்க அடிச்சது அது!"

வியாபாரிக்குத் திடீரென்று இருமல் வந்தது.

"என்னமோ போங்க. சிவப்பு பானெட்டைத் தொட்டா வெதுவெதுன்னு இருக்கு. சாம்பல் ஜில்லுன்னு கிடக்கு. அது எங்க ஸ்டார்ட் ஆகப் போகுது?"

"ஆறிக் கிடந்தா ஸ்டார்ட் ஆகாதுன்னு, நாம வர்றதுக்கு முன்னாடியே சிவப்பை ஓட்டி சூடாக்கி வெச்சிருக்காங்க! யார்கிட்ட இந்த வித்தை?" உறைக்காரருக்குத் தன் அறிவே ஆச்சரியமாக இருந்தது. சாம்பலில் ஏறிச் சாவியைத் திருப்பினார். முதல் திருகிலேயே உறுமியது.

"அண்ணாச்சி! இதுதான். முடிங்க!"

"வேணாங்க, கெஞ்சிக் கேக்கறேன்," என்றாள் மனைவி. முந்தானையை வாயில் வைத்துக்கொண்டாள். அழுகையை அடக்குகிறாள் என்று அவர் நினைத்தார்.

கையெழுத்துப் போடும்போது சிவப்பை ஒரு தடவை திரும்பிப் பார்த்தார். நெஞ்சு வலிக்கத்தான் செய்தது. ஆனால் சுதந்திரம் சும்மா கிடைக்குமா?

வீடு வரும்வரை அவர் பேச்சு நிற்கவில்லை. "பார்த்தியா? சொந்தப் புத்தி. இனிமே இந்த வீட்டுல நான் வெச்சதுதான் சட்டம்." மனைவி ஒவ்வொன்றுக்கும் தலையாட்டினாள்.

வாசலில் இறங்கியதும் முதல் சட்டத்தைப் போட்டார். "நாளைக்கு சிமெண்ட் மூட்டை ஏத்தணும். மழை வரும் போலிருக்கு. இதுக்கு உடனே அளவெடுத்துத் தார்ப்பாய் தைக்கிறே!"

"சரிங்க."

உள்ளே போனாள். தோளில் ஒரு பச்சைச் சுருளோடு வந்தாள். பின்னால் ஏறி உதறி விரித்தாள். தார்ப்பாய் நாலு மூலையிலும் ஒட்டி உட்கார்ந்தது. ஒவ்வொரு கொக்கிக்கும் நேராக ஒரு வளையம். இடப்பக்கம் மூன்றாவது கொக்கி உடைந்திருந்தது. அங்கே மட்டும் வளையம் இல்லை.

உறைக்காரர் தார்ப்பாயைப் பார்த்தார். வண்டியைப் பார்த்தார்.

"இதை... எப்போ தைச்சே?"

"போன வாரங்க. அண்ணாச்சி கொட்டகைக்கே போய் அளவெடுத்தேன்."

அவர் நிமிர்ந்து நின்றார். தோற்றவன் முகம் அல்ல அது. "இருக்கட்டும்! ஆனா முடிவெடுத்தது நான்!"

"சத்தியமா நீங்கதாங்க," என்றாள், கயிற்றின் நுனியை அவர் கையில் கொடுத்தபடி. "வெள்ளிக்கிழமைதான் எடுப்பீங்கன்னு நெனச்சேன். ஒரு நாள் முன்னாடியே எடுத்துட்டீங்க."