பிரேக் இன்ஸ்பெக்டருக்கு நான் போட்ட சபாஷ்

வண்டி ஓட்டத் தெரிந்தால் போதும், சொல்லிக்கொடுத்தும் விடலாம் என்று நம்புகிற வயது ஒன்று உண்டு. எனக்கு அது பி.எஸ்சி. முடித்த கையோடு வந்தது.

எழுபதுகளின் கடைசி. போடியில் முதன்முதலாக டிரைவிங் ஸ்கூல் திறந்தவர், பயிற்சியாளர் லைசென்ஸ் வாங்குகிறவனுக்கு வேலை என்று சொல்லிவிட்டார். போட்டிக்கு இரண்டே பேர். நானும் ஜவுளிக்கடைக்காரர் மகன் அந்தோணியும். அவன் மலை ஏறியதே பஸ்சில்தான். நானோ மாமாவின் எஸ்டேட் ஜீப்பில் ஏலக்காய் லோடோடு மலை இறங்கியே பழகியவன். (ஒற்றைக் கையால். இன்னொரு கை வெளியே தொங்கும். பார்க்கிறவர்கள் பார்க்க வேண்டாமா?)

"பெயிலாகி வந்தா மாமா கடையில ஏலக்காய் தரம் பிரிக்கிற சோலிதான், பாத்துக்க" என்றார் அப்பா.

சோதனை போடிமெட்டு மலை ரோட்டில். பிரேக் இன்ஸ்பெக்டர் (வாகன ஆய்வாளருக்கு ஊர் வைத்த பெயர்) ஸ்கூல் காரின் டிரைவர் சீட்டில் தானே ஏறிக்கொண்டார்.

"நான் ஒண்ணும் தெரியாத ஆளு. நீ சொல்லிக்குடு. தப்புப் பண்ணுனா திருத்து."

உராய்வு விசையில் ஆரம்பித்துப் பொழிந்து தள்ளினேன். அவர் கொட்டாவி விட்டபடி கொஞ்ச தூரம் ஏறி, வண்டியைத் திருப்பினார். இறக்கம் தொடங்கியதும் சாவியைத் திருகி எஞ்சினை அணைத்தார். கியரை நியூட்ரலுக்குத் தள்ளினார். வண்டி சத்தமில்லாமல் வழுக்கியது.

பெட்ரோல் மிச்சம் பிடிக்க எங்கள் மலை ஜீப்புகள் அப்படித்தான் இறங்கும். அடிவாரத்து முந்தல் வரை எஞ்சின் போடாமல் வருகிறவனுக்குத்தான் டிரைவர் என்று பேர். அட, நம்ம ஆளு!

"சபாஷ் சார்! அருமையா இறக்குறீங்க!"

அவர் என்னைத் திரும்பிப் பார்த்தார். "தப்பு ஒண்ணுமே இல்லையா?"

அப்போதுதான் உறைத்தது. இது சோதனையல்லவா! வெரசாகத் திருத்தினேன்.

"இருக்கு சார். மொதல்ல நியூட்ரல், அப்புறந்தான் ஆஃப். நீங்க மாத்திப் பண்ணிட்டீங்க."

ஓரமாக நிறுத்தினார். "தம்பி, எஞ்சின் பிடி இல்லாம இறங்குனா பிரேக் சூடாகிப் பிடிக்காமப் போயிரும். தெரியாதா?"

"மலையில எல்லாரும் இப்படித்தான் சார் இறங்குறாங்க."

"பள்ளத்துல கெடக்கிறவனும் அதையேதான் சொல்லுவான்."

இரண்டாவது கியரில் இறங்கினார். என் காலடியில் பயிற்சியாளருக்கென்றே தனிப் பிரேக் ஒன்று இருந்ததை அப்போதுதான் கவனித்தேன்.

அடுத்தது அந்தோணி. இன்ஸ்பெக்டர் எஞ்சினை அணைத்ததும் "ஏசுவே!" என்று அலறி, கண்ணை மூடிக்கொண்டு அந்தப் பிரேக்கை ஏறி மிதித்தானாம். பயத்தில் உதைத்ததற்குப் பெயர் சமயோசிதம். பாஸ்!

நான் மாமா கடையில் காய் தரம் பிரித்தேன். இயற்பியல் பட்டதாரி, பச்சைக்காயை வெளுத்த காயிலிருந்து பிரித்துக்கொண்டே எண்பதுகளையும் கடத்தினேன். கல்யாணமானது. மனைவி கார் பழக ஆசைப்பட்டாள். ஊரில் இருந்தது ஒரே வாத்தியார்.

பழகிவிட்டு முதல் நாள் வீட்டுக்கு வந்தவள், சேலைத் தலைப்பால் வாயைப் பொத்திக்கொண்டு நின்றாள். அந்தோணியின் முதல் பாடமே என் கதைதானாம். போடியில் ஸ்டீயரிங் பிடிக்கிற ஒவ்வொருவருக்கும் அதைச் சொல்லிவிட்டுத்தான் சாவியையே கொடுப்பானாம்.

இப்போதும் இறக்கம் வந்தால் அவள் இரண்டாவது கியரைப் போட்டுவிட்டு என் பக்கம் திரும்புவாள்.

"என்னங்க, ஆஃப் பண்ணவா?"

பின்சீட்டில் பிள்ளைகள் சிரிக்க ஆரம்பிக்குமுன் நானே சிரித்துவிடுகிறேன். இல்லாவிட்டால் அந்தோணி சார் எப்படிச் சொல்வார் என்று நடித்தே காட்டுவாள்.