இடிக்காரரின் மாலை ஒலிபரப்பு

இலங்கைத் தீவிலேயே மின்னலுக்கு முன்னால் நம் வீடு வந்து சேரக்கூடிய ஒரே மனிதர், எங்கள் உடப்புசல்லாவைப் பக்கத்துத் தேயிலைத் தோட்டத்தில் இருந்த இடிக்காரர்தான். பிறந்தபோது வைத்த பெயர் அவருக்கே மறந்திருக்கும்.

ஃபெக்டரி இஞ்சின் ரூமில் வேலை. அங்கிருந்த டைனமோவிலிருந்து ஆபீசுக்கும் எங்கள் குவாட்டர்ஸ்களுக்கும் கரண்ட் வரும். அவர் குடியிருந்த தொழிலாளர் லயத்துக்கு வராது. கருகிப்போக அவரிடம் ஒரு பல்புகூடக் கிடையாது. ஆனாலும் மலை முகட்டில் மேகம் கறுத்தால், கம்பளியைத் தலையில் போட்டுக்கொண்டு வீடு வீடாக ஓடுவார். "கழட்டுங்க! எல்லாத்தையும் கழட்டுங்க!" அந்த அலறலில், தோட்டத்துக்கு மருந்து கொடுக்கும் டிஸ்பென்சர் ஐயா ஒருநாள் தன் பல்செட்டையே கழற்றி வைத்துவிட்டதாகப் பேச்சு.

நான் ஆபீஸ் கிளாக்கர், தனிக்கட்டை. ஐந்து மணிக்கு ஆபீசைப் பூட்டினால் மறுநாள் காலைவரை என்னோடு பேசுவது என் வால்வு ரேடியோ மட்டும்தான். அது "வணக்கம்" என்றால் நானும் "வணக்கம்" என்பேன்.

ஒரு சித்திரை மாத மாலையில் ஜன்னல் அதிர்ந்தது.

"கிளாக்கரய்யா, ரேடியோவ கழட்டுங்க! மலைக்கு அங்கிட்டு வெட்டுது!"

வீரமாகப் பாய்ந்து பிளக்கைப் பிடுங்கினேன். மேசை விளக்கு அணைந்தது. அறையே இருண்டுவிட்டதால் எல்லாம் கழன்றுவிட்டதென்ற நிம்மதியோடு கட்டிலுக்கடியில் புகுந்து, தெரிந்த சாமிகளை எல்லாம் பேர் சொல்லிக் கூப்பிட்டேன். டமார்! நீல வெளிச்சம். கருகிய நாற்றம்.

இடிக்காரர் வந்து ரேடியோவின் முதுகைத் திறந்து பார்த்தார்.

"எதங்க கழட்டுனீங்க?"

"பிளக்கைத்தான்."

"அது வெளக்கு பிளக்குங்க. வெளக்கு ரொம்ப நல்லாருக்கு."

"ரேடியோ பொழைக்குமாண்ணே?"

"கொழும்புலருந்து சாமான் வரணும். மூணு மாசமாவும்."

மூன்று மாதம்! கட்டிலுக்கடியிலேயே இருந்துவிடலாமா என்று தோன்றியது. அன்று தகரக் கூரையில் மழை விழும் சத்தம்தான் எனக்குத் துணை.

மறுநாள் மாலை இடிக்காரர் வந்தார். ரேடியோ இருந்த இடத்துக்குப் பக்கத்தில் நாற்காலியைப் போட்டு உட்கார்ந்து, "கொர்ர்ர்... ஊய்ய்ய்..." என்றார். நான் வாசலைப் பார்த்து நகர்ந்தேன்.

"இருங்க, ஸ்டேசன் புடிக்குது." தொண்டையைச் செருமினார். "செய்திகள். இன்னிக்கி ரோலர் மிசின் ரெண்டு தடவ நின்னுச்சு. டீமேக்கரய்யா ரெண்டு தடவயும் கத்துனாங்க. மிசின் பயந்து ஓடிருச்சு."

பிறகு பாட்டு. சத்தத்தைக் குறைக்க அவர் உடம்பில் திருகு எதுவும் இல்லை.

மூன்று மாதமும் ஒலிபரப்பு ஒருநாள்கூட நிற்கவில்லை.

சாமான் வந்தது. அவரே பொருத்தினார். ரேடியோ கணீரென்று பேசியது. "இனிமே நா எதுக்குங்க," என்று சிரித்துவிட்டுப் போனவர், மறுநாள் வரவில்லை. அதற்கடுத்த நாளும் வரவில்லை. ரேடியோ "வணக்கம்" என்றது. நான் பக்கத்தில் கிடந்த காலி நாற்காலியைப் பார்த்தேன்.

நான்காம் நாள், வானம் துடைத்து வைத்ததுபோல் கிடந்தது. ரேடியோ பிளக்கைக் கழற்றினேன். இம்முறை சரியான பிளக். நேராக இஞ்சின் ரூமுக்குப் போனேன்.

"அண்ணே, இடி மின்னல் வரும்போல இருக்கு. கொஞ்சம் வீட்டுப்பக்கம் வாங்க."

அவர் வானத்தைப் பார்த்தார். என்னைப் பார்த்தார்.

"ஆமாங்கய்யா, பலமாத்தான் வரும்," என்று கம்பளியை எடுத்துத் தலையில் போட்டுக்கொண்டார்.