தெரியாது அக்காவும் முகூர்த்த ஞாயிறும்

பினாங்குத் தீவில் 'தெரியாது' என்ற சொல்லை இவ்வளவு கம்பீரமாகச் சொல்லக்கூடிய ஆள் இன்னொருவர் கிடையாது என்று எங்கு வேண்டுமானாலும் எழுதிக் கையெழுத்துப் போட்டுத் தருவேன். நாமெல்லாம் அதைச் சொல்லும்போது தலையைச் சொறிவோம். அக்கா மைக் பிடித்துத் தீர்ப்பு வாசிப்பதைப் போலச் சொல்வார்.

சூலியா தெருவில், பணமாற்றுக் கடைக்கு மேல்மாடியில் எங்கள் மென்பொருள் அலுவலகம். கடைகளுக்கும் மண்டபங்களுக்கும் புரோகிராம் எழுதிக் கொடுப்பது தொழில். எழுதுவது மற்றவர்கள், அதில் குற்றம் கண்டுபிடிப்பது நான். டேட்டாபேஸைப் பார்த்துக்கொள்ள என் பக்கத்து சீட்டுக்கு வந்தவர் அக்கா. முதல் நாளே பாஸ் கேட்டார்: "நம்ம கஸ்டமர்ல எத்தன பேருக்குப் போன் இல்ல?"

"தெரியாது."

"நம்பர் காலியா இருக்கிறத எண்ணிச் சொல்லுங்கலா."

"காலியா இருந்தா போன் இல்லன்னு அர்த்தமில்ல பாஸ். நமக்குத் தெரியலன்னு அர்த்தம். டேட்டாபேஸ்ல அதுக்குப் பேரு 'நல்'. அது சைபரும் இல்ல, 'இல்ல'யும் இல்ல. குழப்புனீங்கன்னா ஒரு நாள் மானம் போயிரும்."

அன்று மத்தியானமே 'தெரியாது அக்கா' என்று பெயர் வைத்துவிட்டோம். அவருக்கும் அதில் பெருமைதான். சொந்தப் பெயர் சம்பளச் சீட்டில் மட்டும் மிஞ்சியது.

கீழே இருந்த நாசி கண்டார் சோற்றுக் கடையில் அவர் ஆர்டர் கொடுப்பதை வேடிக்கை பார்க்கவே ஆள் சேரும். "காதர் அண்ணே, பிகின்!" என்று தொடங்குவார். அதாவது, டேட்டாபேஸ் பாஷையில், இனி சொல்வதெல்லாம் வெறும் பேச்சு; 'கமிட்' சொன்ன பிறகுதான் அடுப்புக்குப் போக வேண்டும். நடுவில் ஒருவன் தே தாரிக் டீயை மைலோவாக மாற்றினால் போச்சு. "ரோல்பேக்!" மொத்த ஆர்டரும் ரத்து, மறுபடி முதலிலிருந்து. காதர் அண்ணே ஆரம்பத்தில் முறைத்தார். தப்பான பானம் திரும்பி வருவது நின்றுபோனதும் பக்கத்து மேசைக்காரர்களிடமும், "கமிட்டா தம்பி? அப்புறம் மாத்தக் கூடாதுலா" என்று ஆரம்பித்துவிட்டார்.

டேட்டாபேஸில் எதையும் அழிப்பதற்கு முன்னால், அழிக்கப் போடும் அதே நிபந்தனையைப் போட்டு எதெல்லாம் அழியப்போகிறது என்று ஒருமுறை கண்ணால் பார்த்துவிட வேண்டும் என்பது அக்காவின் மதம். அலுவலக ஐஸ்பெட்டியைச் சுத்தம் செய்யும் பொறுப்பை அவரிடம் கொடுத்தது பாஸ் செய்த தவறு. நாள்பட்ட டப்பாக்களை எல்லாம் வரவேற்பு மேசையில் வரிசையாக அடுக்கி, "இதெல்லாம் போகப் போவுது. ஆட்சேபனை உள்ளவங்க இப்பவே சொல்லிருங்க" என்று அறிவித்தார். வரிசையின் தலைமகனாகப் பச்சை பூத்து நின்றது பாஸின் லக்சா நூடுல்ஸ். அந்த நேரம் பார்த்து ஒரு கஸ்டமரும் உள்ளே வந்தார்.

வாடகைக் காரில் ஏறினாலும் விடமாட்டார். "எந்த வழியா போகப் போறீங்க? மொதல்ல பிளான் சொல்லுங்க, அப்புறம் வண்டிய எடுங்க." டேட்டாபேஸிடம் ஒரு கேள்வியைக் கொடுத்தால், அதை எந்த வழியில் தேடப்போகிறது என்று முன்கூட்டியே கேட்க முடியுமாம். அதைக் கேட்காமல் கேள்வி போடுகிறவர்களை அவர் மனிதராகவே மதிப்பதில்லை.

பாஸுக்கு லக்சா கோபம் ஒருபக்கம், கஸ்டமர்கள் முன்னால் வாய் கூசாமல் தெரியாது என்கிறாரே என்ற கோபம் மறுபக்கம். அக்கா அப்போது தற்காலிக வேலையில்தான் இருந்தார். "மாசக் கடைசியோட அனுப்பிடலாம்லா. நமக்கு ஒத்து வராது" என்று பாஸ் என் காதில் போட்டார். அன்றிலிருந்து எனக்குச் சோறு இறங்கவில்லை.

அந்த வாரம்தான் எதிர்க்கரையிலுள்ள செபராங் ஜெயா கல்யாண மண்டபக்காரர் பாலம் தாண்டி நேரில் வந்தார். அவருடைய மண்டபங்களுக்கெல்லாம் எங்கள் புரோகிராம்தான். வைகாசியில் ஊரே ஆசைப்படும் ஒரு முகூர்த்த ஞாயிறு. அந்தத் தேதியைத் தட்டினால் மட்டும் திரை 'காலி மண்டபம் எதுவும் இல்லை' என்றது.

"எல்லா மண்டபமும் காலியாக் கெடக்கு, உங்க மெஷின் ஃபுல்லுங்குது! கவுண்டர் பொண்ணு வர்ற கல்யாண வீட்டுக்காரங்களையெல்லாம் அடுத்தவன் மண்டபத்துக்கு அனுப்பிக்கிட்டிருக்கு. இன்னைக்குச் சரியாகலன்னா நான் வேற கம்பெனி பாத்துக்கிறேன்!"

புரோகிராம் எழுதிய குமார் கணினியை அணைத்துப் போட்டான். மறுபடி அணைத்துப் போட்டான். அவனுக்குத் தெரிந்த வைத்தியம் அதோடு தீர்ந்தது. மண்டபக்காரர் அக்கா பக்கம் திரும்பினார். "ஏம்மா, என்னதான் பிரச்சனை?"

"தெரியாது" என்றார் அக்கா.

பாஸ் கண்ணை மூடிக்கொண்டார். மாசக் கடைசி இன்றைக்கே வந்துவிட்டது என்று நினைத்துக்கொண்டேன்.

டேட்டாபேஸிடம் கேட்கக் குமார் எழுதியிருந்த கேள்வியை அக்கா திரையில் படித்தார். 'அன்று பதிவான மண்டபங்களின் பட்டியலில் இல்லாத மண்டபங்களைக் காட்டு' என்றிருந்தது. படித்துவிட்டு நிமிர்ந்தார்.

"அண்ணே, அந்த ஞாயித்துக்கிழமைக்கு எந்த மண்டபம்னு சொல்லாம தேதிய மட்டும் யாராச்சும் பிடிச்சு வச்சாங்களா?"

மண்டபக்காரரின் முகம் மாறியது. "அது... என் மச்சினிச்சி மக கல்யாணம். ஜோசியர் தேதி குறிச்சுட்டாரு. மண்டபத்த அப்புறம் பாத்துக்கலாம்னு நான்தான் போட்டு வச்சேன்."

"அந்தக் கல்யாணம் ரோஜா மண்டபத்திலயா?"

"தெரியாதும்மா."

"அப்ப மல்லிகையிலயா?"

"இன்னும் முடிவு பண்ணலியே."

"சரி. அன்னைக்கு ரோஜா மண்டபம் நிச்சயமா காலியா?"

மண்டபக்காரர் தலையைச் சொறிந்தார். "எப்படிச் சொல்றது... தெரியாது."

"பாத்தீங்களா! உங்களுக்கே சொல்ல முடியல. டேட்டாபேஸ் பாவம், அதுவும் இதையேதான் சொல்லுது. ஒரு பதிவுல மண்டபம் 'நல்'னு இருந்தா அது எந்த மண்டபமாவும் இருக்கலாம். நிச்சயமா தெரிஞ்சாத்தான் அது காலின்னு காட்டும்."

மண்டபக்காரர் அங்கேயே மச்சினிச்சிக்குப் போன் போட்டார். ரோஜாவா மல்லிகையா என்று பெரிய சண்டை நடந்து மல்லிகை வென்றது. அக்கா 'பிகின்' போட்டு அந்தப் பதிவை நிரப்பினார். குமாரின் கேள்வியை, 'இந்த மண்டபத்துக்கு அன்று ஒரு பதிவாவது உண்டா?' என்று ஒவ்வொரு மண்டபமாகப் பார்க்கும்படி மாற்றினார். மல்லிகை தவிர எல்லா மண்டபங்களும் திரையில் மலர்ந்து வந்தன. கமிட்!

அதோடு விட்டாரா? பதிவில் மண்டபத்தின் பெயரைக் காலியாக விடவே முடியாதபடி பூட்டுப் போட்டார். "இனிமே மண்டபம் சொல்லாம உங்க மாமியாரே வந்தாலும் பதிய முடியாது." ஒரே மண்டபத்தில் ஒரே நேரத்தில் இரண்டு விசேஷம் விழாதபடி டேட்டாபேஸே தடுக்கும் விதி ஒன்றும் உண்டாம், பலருக்குத் தெரியாதாம், அதையும் போட்டார். மண்டபக்காரர் நம்பாமல் தன் கையாலேயே மல்லிகையில் அதே முகூர்த்தத்துக்கு இன்னொரு கல்யாணத்தைத் திணித்துப் பார்த்தார். டேட்டாபேஸ் முடியாது என்றது. நேரத்தைக் கொஞ்சம் தள்ளிப் பார்த்தார். முதல் கல்யாணத்தின் நேரத்தோடு கொஞ்சம் உரசியதால் அதற்கும் முடியாது என்றது. அவருக்குத் தாங்க முடியாத சந்தோஷம். "என் சம்சாரத்தவிட கறாரா இருக்குலா!" என்று தொடையில் தட்டிக்கொண்டார்.

போகும்போது பாஸின் கையைப் பிடித்து, "தெரியலன்னா தெரியலன்னு சொல்ற ஆளு இந்தத் தொழில்ல எங்கங்க கெடைக்குது? பத்திரமா வச்சுக்குங்க" என்றார். பாஸ் ஒரு நொடிகூடத் தடுமாறவில்லை. "அக்கா நம்ம நிரந்தர ஸ்டாஃப்தானே!" என்று எங்கள் எல்லோருக்கும் கேட்கும்படி சொன்னார். நான்தான் முதலில் கைதட்டினேன்.

சாயங்காலம் வீட்டுக்குள் நுழைந்ததும் என் மனைவி ஏற இறங்கப் பார்த்தாள். "என்னங்க, புரமோஷனா? மூஞ்சியெல்லாம் பல்லா இருக்கு?"

"எனக்கு ஒண்ணுமில்லம்மா. பக்கத்து சீட்டு அக்கா நாளைக்கும் வருவாங்க."