பூந்தோட்டத்துக்கு முள்கம்பி போட்ட கிராணி

ஊரை அழகுபடுத்தக் கிளம்புகிறவன், தான் வளர்ந்த இடத்தைத் தனக்கே தெரியாமல் அங்கே கொண்டுவந்து வைத்துவிடுகிறான். நான் கொண்டுவந்து வைத்தது முள்கம்பி.

மலாயாவில் கம்யூனிஸ்டுகளுக்கு எதிரான அவசரகாலம் நடந்துகொண்டிருந்த ஆண்டுகள். அலோர் காஜா பக்கத்து ரப்பர் தோட்டமொன்றில் வளர்ந்த நான், மலாக்கா நகர அலுவலகத்தில் கணக்கெழுதும் தற்காலிகக் கிராணியாகச் சேர்ந்திருந்தேன். வேலை நிரந்தரமானால்தான் பெண் என்று, எனக்குப் பேசியிருந்த கமலத்தின் அப்பா சொல்லியிருந்தார். அந்த நேரத்தில், பழைய சிவப்புக் கட்டடங்களுக்கு எதிரே கிடந்த வெற்றிடத்தைப் பூந்தோட்டமாக்கும் பொறுப்பை அலுவலகத்து வெள்ளைக்காரத் துரை என்னிடம் கொடுத்தார். திறப்பு நாளில் எல்லாம் ஒழுங்காக இருந்தால் நிரந்தரம் என்றார்.

செடி வைத்தோம், பெஞ்சு போட்டோம். ஆடுகள் வந்து மேய்ந்தன. வேலி தேவைப்பட்டது. எனக்குத் தெரிந்த வேலி ஒன்றுதான். காட்டில் ஒளிந்திருந்த கம்யூனிஸ்டுகளுக்குச் சோறு போகக்கூடாதென்று, அந்நாளில் தோட்டத்துத் தொழிலாளர் குடியிருந்த லயங்களைச் சுற்றிப் போட்டிருந்த ஆளுயர முள்கம்பி வேலி. அதையே போடச் சொன்னேன். ஒரே ஒரு வாசல். பக்கத்தில் தோட்டக்காரருக்கு ஒரு தகரக் கொட்டகை. (போர்த்துகீசியர் கட்டிய கோட்டையை ஆங்கிலேயர் மெனக்கெட்டு இடித்த ஊர் அது. நான் மறுபடி ஆரம்பித்துவைத்தேன்.)

திறப்பு நாள் ஒரு வியாழக்கிழமை. (வெள்ளி என்று வாதிடுவோர் உண்டு, அவர்களிடம் ஆதாரம் கிடையாது.) காலை பஸ்ஸில் வந்து இறங்கிய தோட்டத்து ஜனங்கள் வேலியைப் பார்த்தார்கள், வாசலையும் கொட்டகையையும் பார்த்தார்கள். யாரும் சொல்லாமலே வரிசையில் நின்றுவிட்டார்கள். ஒரு கையில் ஐசி என்கிற அடையாள அட்டை, மறு கையில் திறந்த பை. தோட்டத்து வாசலில் தினமும் சோதனைக்கு நிற்கிற பழக்கம்.

ஓடிப்போய், "இது பூந்தோட்டம்க்கா, சும்மா உள்ள போங்க" என்றேன்.

முன்னால் நின்ற அம்மாள் அசையவில்லை. "சும்மா போவச் சொல்லிட்டு அந்தப் பக்கம் புடிப்பீங்களா? பாத்துட்டு விடுங்க தம்பி."

"பாக்க ஒண்ணுமில்லக்கா."

"அதான் நானும் சொல்றேன்லா. ஒண்ணுமில்ல, பாருங்க."

துரை வருகிற நேரம். வரிசையோ வளர்ந்துகொண்டிருந்தது, பாசாருக்குக் காய்கறி வாங்கப் போன சீனர்கள் சிலரும் எதற்கும் இருக்கட்டுமென்று சேர்ந்துகொண்டார்கள். கரைக்க வேறு வழி தெரியாமல் நானே பைகளைப் பார்க்க ஆரம்பித்தேன். வெற்றிலை, கருவாடு, ஒற்றைச் செருப்பு. குனிந்த தலை நிமிராமல் பார்த்துக்கொண்டே போனேன்.

"அடியிலயும் பாருங்க மாப்ள."

கமலத்தின் அப்பா. அலுவலகத்தில் எனக்குள்ள மதிப்பை நேரில் பார்த்துவிட்டுப் போக வந்திருந்தார்.

"மாமா, நீங்க போங்க."

"எல்லாருக்கும் பாத்தீங்கல்ல? எனக்கும் பாருங்க."

வரிசை முழுவதும் என்னையே பார்த்தது. அவருடைய மாற்று வேட்டியை எடுத்து உதறினேன். அப்போதுதான் துரையின் கார் வந்து நின்றது.

அவர் வேலியைப் பார்த்தார், வரிசையைப் பார்த்தார், வேட்டியை விரித்துப் பிடித்திருந்த என்னைப் பார்த்தார். பிறகு தன் பாஸை எடுத்து என்னிடம் நீட்டி, "பூவைப் பார்க்க நான் உள்ளே போகலாமா?" என்று கேட்டார். சிரிக்கவில்லை.

மாலைக்குள் கம்பியைப் பிரித்துவிட்டோம். பிறகு அங்கே செம்பருத்தி வேலி வந்தது. என் நிரந்தரம் மட்டும் அடுத்த ஆண்டுக்குப் போனது.

அன்று மாலையே, பெஞ்சில் உட்கார்ந்திருந்த மாமாவிடம் போய், "வேலை நிரந்தரமாகல மாமா" என்றேன்.

"தொரையே உங்ககிட்ட பாஸ் காட்டறாரு. இதுக்கு மேல என்ன நிரந்தரம்? என் பையையே விடலயே நீங்க. தையில வச்சுக்கலாம்."

அவர் நினைக்கிற அதிகாரி இல்லை நான், அது சோதனைச் சாவடியும் இல்லை, எல்லாம் என் முட்டாள்தனம் என்று விவரமாகச் சொன்னேன்.

"அடக்கமும் இருக்கு" என்றார்.

தையில் கல்யாணம் நடந்தது. அதன்பின் மாமா எங்கள் வீட்டுக்கு எத்தனை முறை வந்தாலும், வாசலில் பையைத் திறந்து காட்டாமல் உள்ளே நுழைந்ததில்லை. கமலம் உள்ளேயிருந்து, "நல்லா பாருங்க, விட்டுடாதீங்க" என்பாள். நானும் விட்டதில்லை. மேலாக எனக்கென்று முறுக்குப் பொட்டலம் இருக்கும். பறிமுதல் செய்துகொண்டு, "சரி, போங்க" என்பேன்.