ஓரக்கோட்டில் பட்ட கால்

மரியாதைக்குரிய மைத்துனர் தாடியஸ் அவர்களுக்கு,

இங்கு எல்லோரும் சௌக்கியம், கோச் பாஸ்கமைத் தவிர. அவரை ஊரே திட்டிக்கொண்டிருக்கிறது. புதன்கிழமை கல்லூரி நிர்வாகக் குழுவில் அவர் வேலையைப் பற்றி வோட்டெடுப்பு. உங்களுக்கும் ஒரு வோட்டு இருப்பதால் எழுதுகிறேன்.

இன்று கார்வெல் கல்லூரிக்காரர்களோடு ரக்பி ஆட்டம். ரெஃப்ரி வரவேண்டிய ரயில் பனியில் நின்றுவிட்டது. வழக்கம்போல இரண்டு கோச்சுகளில் ஒருவர் விசில் ஊதவேண்டும். "பாஸ்கமே ஊதட்டும்" என்று கார்வெல்காரர்களே சொன்னபோது நான் சுதாரித்திருக்க வேண்டும். கடைசி நிமிடம். என் பையன் கிளெம், உங்கள் மருமகன்தான், மூன்று பேர் இடுப்பில் தொங்க, கையில் பந்தோடு கோல் கோட்டைத் தாண்டி விழுந்தான். நான் தொப்பியை வீசினேன், அது இன்னும் கிடைக்கவில்லை. பாஸ்கம் நிதானமாகத் திரும்பி நடந்து, ஓரக்கோட்டில் ஓரிடத்தைக் காட்டினார்.

"இங்க மிதிச்சுட்டான். செல்லாது."

"யோவ் வாத்தியாரே, நீ யாரு ஆளுய்யா?" என்று முடிவெட்டும் ஜெத்ரோ கத்தினான்.

"இன்னைக்கு ரெஃப்ரி. திங்கக்கிழமை உங்க ஆளு."

தோற்றோம். கிளெம் முகத்துச் சேற்றைத் துடைத்துக்கொண்டு, "விடுங்கப்பா, அவர் பாத்தா பாத்ததுதான்" என்கிறான். ஜியாமெட்ரியில் இரண்டு முறை தோற்ற பையன். பாஸ்கம் மைதானத்தில் சுண்ணாம்புக் கோடு போட்டு, எந்தக் கோணத்தில் ஓடினால் தப்பலாம் என்று காட்டியபிறகுதான் தேறினான். போன மாதம் இவன் மூக்கு உடைந்தபோது எலும்பை நேராக்கியபடியே தேற்றம் ஒப்பிக்க வைத்தார். இவனும் கத்தியபடியே ஒப்பித்தான், ஒரு பிழை இல்லை. இப்படிப்பட்டவர் வகுப்பறைக்குச் சரி. மைதானத்துக்கு ஆபத்து. அவரை நீக்கச் சொல்லி ஜெத்ரோ எழுதிய மனுவில் முதல் கையெழுத்து என்னுடையது. அவரை அனுப்பிவிடுங்கள்.

உங்கள் வீட்டில் எல்லோருக்கும் உங்கள் சகோதரி ஹென்ரியட்டாவின் அன்பும் ஒரு ஜாடி வெள்ளரி ஊறுகாயும்.

தங்கள் பணிவுள்ள,
ஆகஸ்ட்

பின்குறிப்பு: உறையை ஒட்டும்போது கார்வெல் கல்லூரித் தலைவர் ஆணி வாங்குவதுபோல் என் கடைக்குள் வந்தார்.

"பாஸ்கமை அனுப்பப் போறீங்களாமே? நாங்க கூட்டிட்டுப் போறோம்."

"அவரா? முன்கோபி. குறட்டை வேற. உங்களுக்கு ஒத்துவராது."

"கண்ணு எப்படி?"

நான் ஆணியை எடை போட்டேன். பொய் வரவில்லை.

"கண்ணு... நல்லாத்தான் தெரியும்."

சிரித்துக்கொண்டே போனார். மைத்துனரே, ஜெத்ரோவிடமிருந்து மனுவைப் பிடுங்கி அடுப்பில் போட்டாயிற்று. புதன்கிழமை பாஸ்கம் இங்கேயே இருக்கவேண்டும் என்று கை தூக்குங்கள். ஒரு கை போதாவிட்டால் இரண்டையும்.